பதிவில் விழுந்த ரயில்

சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு விக்கிரவாண்டி ஒரு சுங்கச்சாவடி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வண்டிகள் வரிசைகட்டி நிற்பதைத் தொலைக்காட்சியில் காட்டுகிற ஊர். கும்பகோணம், தஞ்சாவூர் சாலை திருச்சி சாலையை விட்டுப் பிரிவதும் இங்கேதான். ஆனால் இரவுப் பேருந்துகளில் ஊருக்குப் போய்வந்த தலைமுறைக்கு இந்தப் பக்கத்து நெடுஞ்சாலை என்றால் மோட்டல்கள்தான் நினைவுக்கு வரும். திண்டிவனம் தாண்டி எங்கோ ஓரிடத்தில் பேருந்து ஓரங்கட்டும். 'பத்து நிமிசம் நிக்கும், டீ காப்பி டிபன் சாப்புடுறவங்க சாப்புடலாம்' என்று கத்திக்கொண்டே ஒரு பையன் பேருந்தின் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டிக்கொண்டு போவான். தூக்கக் கலக்கத்தில் இறங்குகிறவனின் முகத்தில் பாட்டு வந்து அறையும். அந்த நடுச்சாமத்தில், அந்தச் சத்தத்தில், யாருக்காக அதை வைக்கிறார்கள் என்பது விளங்காத புதிர்.

மோட்டலின் ஒரு மூலையில், கழிப்பறைக்குப் போகிற வழியில், காசெட் கடை இருக்கும். பின்னால் அது சி.டி. கடையாகி, அப்புறம் எம்பி3 தட்டுக் கடையாகி, கடைசியில் செல்போன் உறையும் பிளாஸ்டிக் பொம்மையும் விற்கிற கடையாகிப்போனது. நாட்டுப்புறப் பாட்டைக் காசு கொடுத்து வாங்கலாம் என்று பலரும் கற்றுக்கொண்டது இத்தகைய கடைகளில்தான். மதுரைப் பக்கத்து மெட்டுகளோடு விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் வந்தார். வேதாரண்யம் பக்கத்துக் குரலோடு புஷ்பவனம் குப்புசாமி வந்தார். ஆடி மாதத்துக்கு எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. சென்னையிலிருந்து கானா. பேருந்து எந்தத் திசைக்குப் போகிறதோ அந்தத் திசைப் பாட்டை எடுத்து வைக்கத் தெரிந்த வியாபாரிகள் அவர்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கடைக்குப் பின்னால் வரப்பில் இறங்கி நடந்தால் போய்ச்சேருகிற ஊர்களில், பங்குனி தொடங்கி ஆடி வரை, ஏதாவது ஒரு திரௌபதியம்மன் கோயில் வெளியில் விடிய விடியக் கூத்து நடந்துகொண்டிருக்கும். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் அதையே ஆடுவார்கள், கடைசி நாள் படுகளமும் தீமிதியும். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988இல் வெளியிட்ட பெரிய நூலின் முதல் தொகுதியே செஞ்சியிலிருந்துதான் புறப்படுகிறது. செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிக் கோயில்தான் அந்த வழிபாட்டின் தாய்க்கோயில் என்பது இந்த வட்டாரத்து நம்பிக்கை. சிகாகோப் பல்கலைக்கழக அச்சகம் வரை போய்ச்சேர்ந்த இந்தக் கூத்தின் பாட்டு, அரை மைல் தள்ளியிருந்த மோட்டல் கடையில் ஒலித்து நான் கேட்டதில்லை. மண்ணின் இசை என்று அட்டையில் போட்டு விற்ற அந்தக் கடைகளில் அந்தக் கடை நின்ற மண்ணின் இசை மட்டும் இல்லை.

காரணம் ரசனை என்று நான் நினைக்கவில்லை. நீளம்.

பதிவு இசையின் வரலாறு முழுக்க நீளத்தோடு போட்ட சண்டைதான். பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம் கொள்ளும். 1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் ஓகே நிறுவனத்துக்காக 'கிரேசி ப்ளூஸ்' பாடியபோது, கறுப்பினப் பெண் ஒருவரின் குரலில் வந்த முதல் ப்ளூஸ் தட்டு அது என்பதோடு, ப்ளூஸ் இனி இத்தனை நிமிடம்தான் என்பதும் முடிவாகிவிட்டது. சனிக்கிழமை இரவுகளில் ஆடுகிறவர்கள் களைக்கும்வரை ஒரே பாட்டை நீட்டிக்கொண்டு போனவர்கள், ஒலிப்பதிவு அறையில் விளக்கு எரிந்தால் தொடங்கி அணைவதற்குள் முடிக்கக் கற்றார்கள். ராபர்ட் ஜான்சன் 1936இல் சான் அன்டோனியோவிலும் 1937இல் டல்லஸிலும் பதிந்துவிட்டுப் போன 29 பாட்டுகளும் இந்த அளவுக்குள் அடங்கியவை. அந்த நெருக்கடியால் அவற்றுக்கு வாய்த்த கூர்மையை மறுக்க முடியாது. மூன்று நிமிடச் சிறைக்குள் இருந்துதான் ராக் இசையே பிறந்தது என்று வாதாடினாலும் நான் ஒத்துக்கொள்வேன்.

கூத்துக்கு அந்தச் சிறை பொருந்தாது. இரவு பத்து மணிக்குக் களரி கட்டி, வெயில் வந்த பிறகு வேஷம் கலைக்கிற கலை அது. மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், தாளம், முகவீணை இவற்றோடு பின்பாட்டுக்காரர்கள் பின்னால் நிற்க, ஒருவன் திரைக்குப் பின்னிருந்து விருத்தம் பாடி, திரையை விலக்கித் தன்னை யாரென்று சொல்லி முடிக்கவே அரைமணி நேரம் ஆகும். துரியோதனன் வருவதற்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளாவிட்டால் அவன் என்ன ராஜா? ஒருகாலத்தில் அறுபது நிமிடக் காசெட்டில் 'கர்ண மோட்சம்' கிடைத்ததுண்டு, பேருந்து நிலையத்துக் கடைகளில். செஞ்சிப் பக்கத்தில் ஆர்மோனியம் வாசிக்கிற ஒரு பெரியவரிடம் அதைப் பற்றிப் பேச்செடுத்தேன். 'சுருக்கிப் போட்டுத் தாங்கன்னு கேட்டாங்க தம்பி, நாங்களும் போட்டுக் குடுத்தோம். வாங்குனவன் மறுவருசம் கூத்துல வந்து நிக்கிறான். வாத்தியாரே, பாதிப் பாட்டத் திருடிட்டு முழுக் காசு வாங்கிட்டீங்களே, ஞாயமான்னு கேக்குறான்' என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர்கள் ஜமாவுக்கு அந்தக் காசெட்டில் வந்த காசு போக்குவரத்துச் செலவுக்குக்கூடக் காணவில்லை என்பதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சுருக்குவதில் நேரம் மட்டுமா போகிறது? 1941இல் ஆலன் லோமாக்ஸ் என்ற நாட்டார் இசைச் சேகரிப்பாளர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக மிசிசிப்பிப் பகுதியில் அலைந்துகொண்டிருந்தார். அந்த ஆண்டுதான் ஸ்டோவால் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸை அவர் பதிவு செய்தார். அதே பயணத்தில் லேக் கார்மரன்ட் என்ற சிற்றூரில் ஒரு கடைக்குள் உட்கார்ந்து சன் ஹவுஸ் என்ற இன்னொரு ப்ளூஸ் பாடகர் கிதார் வாசித்துப் பாடுகிறார். கடைக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. பாட்டு பாதியில் இருக்கும்போது ரயில் ஒன்று வருகிறது. லோமாக்ஸ் நிறுத்தச் சொல்லவில்லை, சன் ஹவுஸும் நிறுத்தவில்லை. ரயில் தடதடத்துக்கொண்டு பாட்டுக்குள் நுழைந்து, கொஞ்ச நேரம் தாளம் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. நல்ல ஒலிப்பதிவாளர் எவரும் அதைக் கெட்டுப்போன பதிவு என்று தூக்கிப் போட்டிருப்பார். எனக்கோ அந்த ரயிலுக்காகவே திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றுகிறது. பருத்தி ஏற்றிப் போன ரயில், பிழைப்புக்காகச் சிகாகோவுக்கு ஆட்களை ஏற்றிப் போன ரயில், இரண்டு வருடத்தில் மடி வாட்டர்ஸும் ஏறிப் போகப்போகிற ரயில். ப்ளூஸ் எதைப் பற்றியது என்று யாராவது கேட்டால் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டலாம்.

ஆக, மண்ணின் இசை, வேர் இசை என்று சொல்லிக்கொண்டு வருகிற தொகுப்புகளை நான் ஒரே ஒரு காதோடுதான் கேட்கிறேன்: இதில் எதை வெட்டியிருக்கிறார்கள், எதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்? இந்த அளவுகோல் எல்லா இசைக்கும் செல்லாது என்று தெரியும். இந்த வகை இசைக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்கு அகப்படவில்லை.

இந்தக் காதோடு கேட்டால், சமீப ஆண்டுகளில் எங்கள் பக்கத்திலிருந்து வந்திருக்கிற முக்கியமான இசைத்தொகுப்புகளுக்கு அட்டையும் இல்லை, நிறுவனமும் இல்லை. விழுப்புரம், செஞ்சி, திருவண்ணாமலை வட்டாரத்து வீடியோக் கடைக்காரர்கள் முழு இரவுக் கூத்தை ஒரே மூச்சில் எடுத்து யூடியூபில் ஏற்றுகிறார்கள். ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம் ஓடுகின்றன. இசைத்தட்டு, காசெட், குறுந்தட்டு என்று எதற்குள்ளும் கொள்ளாத கூத்துக்கு முதல் தடவையாக இடம் கொண்ட ஒரு பெட்டி கிடைத்திருக்கிறது. கூத்துக்காக யாரும் செய்த பெட்டியில்லை அது. இணையத்துக்கு நீளத்தைப் பற்றிக் கவலையில்லை, அவ்வளவுதான்.

அப்படி ஒரு பதிவை எடுத்துக்கொள்கிறேன். விக்கிரவாண்டிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் நடந்த 'அருச்சுனன் தபசு'. தொடக்கத்தில் நெடுநேரம் ஒன்றுமே நடப்பதில்லை. 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்' என்ற குரல். மிருதங்கத்தைத் தட்டிச் சுருதி சேர்க்கும் ஓசை. எங்கோ ஒரு குழந்தை வீறிடுகிறது. விநாயகர் துதி தொடங்கியதும் ஒலிபெருக்கி கீச்சிட்டு அடங்குகிறது. கட்டியக்காரன் வந்து ஊரைக் கலாய்க்கிறான், சிரிப்பு அலையலையாகப் போய்வருகிறது. இரண்டு மணிக்கு மேல் கூட்டம் பாதி படுத்துவிட்டிருக்கும். அந்த நேரத்துக் குரல் வேறு மாதிரி ஆகிறது. மைக் இல்லாத காலத்தில் ஊர்க்கோடிக்குக் கேட்க வேண்டும் என்று உச்சத்தில் பழகிய குரல் அது. இப்போது தலைக்கு மேல் கம்பியில் மைக் தொங்கினாலும் அந்த உச்சம் குறையவில்லை. மூன்று மணிக்கு அது பிசிறடிக்கத் தொடங்குகிறது. அந்தப் பிசிறுக்குப் பெயர் என்னவென்று கூத்துக்காரர்களிடம் கேட்டால் தொண்டை கட்டிவிட்டது என்பார்கள். பெரிய ப்ளூஸ் பாடகர்களிடம் விமர்சகர்கள் தேடிக் கண்டுபிடித்துப் புகழ்கிற கரகரப்பு அதுதான். ஐந்து மணி வாக்கில் ரயில் ஒன்று போகிறது. சென்னை–விழுப்புரம் பாதை இந்தப் பக்கம்தான். ரயிலின் ஊதலும் முகவீணையும் ஒரு கணம் ஒரே சுருதியில் நின்று விலகுகின்றன. விடிகிற நேரத்தில் அருச்சுனன் தபசு மரம் ஏறுகிறான். ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் திருநீறும் வீசுகிறான். பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் கீழே மடியேந்தி நிற்கிறார்கள். கேமரா இதைச் சரியாகக் காட்டவில்லை. காது போதும்.

இதை உட்கார்ந்து ஏழு மணி நேரம் கேட்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. கூத்து பார்க்கப் போனவர்களும் அப்படிப் பார்த்ததில்லை. தூங்கி, எழுந்து, டீ குடித்து, சண்டை போட்டு, மறுபடி பார்த்தார்கள். வீட்டில் வேலை செய்துகொண்டே ஓடவிடலாம். கேட்கிறவனை அதட்டி உட்கார வைக்காத இசை இது.

இந்த வழி நமக்கு மட்டும் வாய்த்ததில்லை. சகாரா பாலைவனத்துத் துவாரெக் இளைஞர்கள் தங்கள் கிதார் பாட்டுகளைச் செல்போனிலிருந்து செல்போனுக்கு, மெமரி கார்டிலிருந்து மெமரி கார்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். நம் ஊர்க் கடைகளில் 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று அட்டை தொங்கியதே, அதே வருடங்கள். அந்தச் செல்போன்களிலிருந்து ஒரு அமெரிக்கர் பாட்டுகளைத் திரட்டித் தொகுப்பாக்கி வெளியிட்டார். நைஜர் நாட்டு எம்டூ மோக்தார் வெளியுலகுக்குத் தெரியவந்தது இந்த வழியில்தான். 2024இல் அவர் குழுவின் 'ஃப்யூனரல் ஃபார் ஜஸ்டிஸ்' வந்தது, மின்கிதார் தீப்பிடித்தது போன்ற ராக். மறு ஆண்டே அதே பாட்டுகளை மின்சாரம் இல்லாமல், தரையில் உட்கார்ந்து வாசித்தது போல, 'டியர்ஸ் ஆஃப் இன்ஜஸ்டிஸ்' என்று வெளியிட்டார்கள். 2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது குழுவினர் அமெரிக்காவில் இசைப்பயணத்தில் இருந்தார்கள், ஊர் திரும்ப வழியில்லை. அந்தத் தவிப்பு இரண்டாவது தொகுப்பில் முழுசாகக் கேட்கிறது. இரண்டையும் கேட்க வேண்டும், முதலாவதை முதலில்.

கூத்துப் பதிவுகளில் எனக்குப் பிடித்த இன்னொரு 'குறை' அன்பளிப்பு அறிவிப்பு. பாஞ்சாலி சபதம் செய்கிற கட்டத்தில் திடீரென்று பாட்டு நிற்கும். இந்த ஊரைச் சேர்ந்த இன்னார், அவருடைய மகன் இன்னார், பாஞ்சாலியின் நடிப்பைப் பாராட்டி நூறு ரூபாய் என்று கட்டியக்காரன் சொல்வான். ரூபாய் நோட்டு சட்டையில் குத்தப்படும். பாஞ்சாலி கும்பிட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து அழுவாள். நாடக இலக்கணம் படித்தவர்களுக்கு இது நரகம். எனக்கு இது அந்த இரவின் கணக்குப் புத்தகம். யார் ஆடினார்கள், யாருக்காக ஆடினார்கள், காசு எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது என்று எல்லோர் காதிலும் விழுகிறது.

பெயர் விஷயத்தில் நம்முடைய இசை வரலாறு அப்படி ஒன்றும் பெருமைப்பட முடியாதது. விக்கிரவாண்டியை அடுத்த பனையபுரம், சம்பந்தர் பாடிய புறவார் பனங்காட்டூர். தேவாரம் தமிழில் தொகுக்கப்பட்ட பெரிய பாட்டுத் தொகுப்புகளில் ஒன்று. பதிகங்கள் கிடைத்த பிறகும் பண் தெரியாமல் திகைத்து நின்றபோது, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் எருக்கத்தம்புலியூரிலிருந்து வந்து பண் வகுத்துக் கொடுத்தாள் என்கிறது திருமுறை கண்ட புராணம். எருக்கத்தம்புலியூர் விருத்தாசலம் பக்கம், நமக்குத் தூரமில்லை. ராஜராஜன் பெயர் இருக்கிறது, நம்பியாண்டார் நம்பி பெயர் இருக்கிறது. பண் கொடுத்த அந்தப் பாணர் குலத்துப் பெண்ணுக்குப் பெயர் இல்லை.

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தபோது அந்தப் பழைய கணக்கு நேராகிற மாதிரி இருந்தது. பாடகர் அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளைப் பெயர் சொல்லி அழைத்துப் பாட்டுக்குள் உட்கார வைத்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, திருப்பி அனுப்பப்பட்டு வந்தவர்களின் கதை, ஒப்பாரி மெட்டும் நடனத் தாளமும் சேர்ந்து, பல கோடி தடவை கேட்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் உடன் பாடிய பாடகி தீ இருந்தார், அறிவு இல்லை. 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்த மேடையிலும் அறிவு இல்லை. யார் எழுதினார், யார் மெட்டமைத்தார், யார் பங்கு எவ்வளவு என்று பொதுவெளியில் அறிக்கைகள் பறந்தன. 2024இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் அந்தப் பாட்டிலிருந்து தங்கள் யாருக்கும் வருமானம் வரவில்லை என்றார். நூறு ரூபாய் அன்பளிப்பை ஒலிபெருக்கியில் சொல்கிற ஊர்க் கணக்கு எவ்வளவோ தேவலை. பாட்டைப் பொறுத்தவரை, அது நல்ல பாட்டு. அதைவிட, அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் 2019இல் கொண்டுவந்த 'தெருக்குரல்' எனக்கு நெருக்கமானது. அதில் கோபத்துக்கு மெருகு பூசவில்லை.

வெட்டாதே வெட்டாதே என்று சொல்லிக்கொண்டே போகிற என் வாதம் வந்து முட்டுகிற இடம் பறை. இங்கே வெட்டுதான் நியாயம்.

சாவு வீட்டில் பறை அடிப்பது பலருக்கு இசையாக வாய்க்கவில்லை. அது சாதி சுமத்திய வேலை. அடிக்க மாட்டேன் என்று சொன்னதற்காக அடிபட்டவர்கள், ஊர் விலக்கம் கண்டவர்கள் வட தமிழ்நாட்டிலும் உண்டு. அந்தப் பறையைச் சாவிலிருந்து பிரித்து எடுத்து மேடையில் வைத்தவர்கள் அதன் சூழலை வெட்டியவர்கள்தான். கே.ஏ.குணசேகரன் அந்த வேலையைத் தன் 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகச் செய்தார். இன்குலாபின் 'மனுசங்கடா' பாட்டு அவர் குரலில் ஏறியபோதுதான் அது ஊர்க்கூட்டங்களின் பாட்டானது. 'வடு' எழுதிய இளையான்குடிப் பக்கத்துக்காரரான குணசேகரன், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக இருந்தார், 2016 ஜனவரியில் மறைந்தார். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் எத்தனையோ பையன்கள் பறையைக் கூசாமல் கையில் எடுத்ததற்கு அவர் பாட்டு ஒரு காரணம். மதுரைப் பறை ஆசான் வேலு ஆசானுக்கும், புரிசைக் கூத்துக் கலைஞர் கண்ணப்ப சம்பந்தனுக்கும் 2025இல் ஒரே பட்டியலில் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு தலைமுறைக்கு முன் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்திய 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இந்த வழியின் அடுத்த ஊர். பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாச பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெயர். கானாக்காரர்கள், பறைக்காரர்கள், மின்கிதார், ராப் எல்லாம் ஒரே மேடையில். அவர்களின் 'மகிழ்ச்சி' தொகுப்பைக் கேட்டால் எனக்கு ஒரு குறை தோன்றுகிறது: ஒலிப்பதிவு அறைக்குள் பறையின் தோல் சற்று அடங்கிப்போகிறது, கிதார் முன்னால் வந்து நின்றுகொள்கிறது. மேடைப் பதிவுகளில் அப்படி இல்லை. பார்வையாளர்களின் விசிலும், இடையில் பேசுகிற பேச்சும், தீயில் காய்ச்சிய பறையின் முதல் அடியும் சேர்ந்து வருகின்றன. புதிதாகக் கேட்க வருகிறவர்கள் மேடைப் பதிவிலிருந்து தொடங்கட்டும். இந்தக் குழுவில் பாடிய இசைவாணியைப் பிபிசி 2020இல் தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலும் ஆண்களே பாடிவந்த கானாவுக்குள் அவர் குரல் நுழைந்ததே ஒரு தனி வரலாறு.

ஒப்பாரிதான் நம்முடைய ப்ளூஸ் என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. ப்ளூஸ் தொடக்கத்திலிருந்தே காசுக்குப் பாடிய, தன் பெயரில் பாடிய, கூட்டத்தை ஆடவைத்த இசை. ஒப்பாரி உறவுக்காரப் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு பாடுவது. செத்தவரைப் பற்றித் தொடங்கி, நாலாவது அடியில் தன்னைக் கட்டிக்கொடுத்த வீட்டைப் பற்றி, கிடைக்காமல் போன சீரைப் பற்றி, அண்ணன் செய்த ஓரவஞ்சனையைப் பற்றி ஆகிவிடும். இசபெல் கிளார்க்-டெசே என்ற மானிடவியலாளர் 2005இல் தமிழ்ச் சாவு வீடுகளைப் பற்றி எழுதிய நூலுக்கு, இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை என்கிற பொருளில்தான் தலைப்பு வைத்தார். அது ஒரு வழக்கு மன்றம், பதிவு செய்தால் அந்தக் குடும்பத்தில் அடுத்த சண்டைக்கு வித்தாகும். இதைத் தொகுப்பாக்கி விற்காமல் இருப்பதே மரியாதை. கூலிக்கு ஒப்பாரி வைக்கும் குழுக்கள் பம்பையும் ஒலிபெருக்கியுமாகப் பாடுவது வேறு, அது தொழில், பதியலாம்.

இதற்கு மறுமுனையில், சுத்தமான பதிவுகளும் வந்துகொண்டிருக்கின்றன. தருண் சேகர் யாழை மறுபடி செய்து வாசிக்கிறார். மரமும் தோலும் நரம்பும் துல்லியமாக ஒலிக்கின்றன, அழகாக இருக்கின்றன. யாழைச் சுற்றி ஒரு ஊர் இன்னும் உருவாகவில்லை, அதற்கு அவர் என்ன செய்வார்? 2024இல் 'ஜமா' படம் திருவண்ணாமலைப் பக்கத்துக் கூத்துக்காரர்களைத் திரைக்குக் கொண்டுவந்தது, இளையராஜா இசையமைத்தார். கூத்தின் வாத்தியங்கள் அவர் கையில் பாந்தமாக அமர்ந்தன. கொஞ்சம் அதிகமாகவே பாந்தம் என்று அந்த ஆர்மோனியப் பெரியவர் சொல்லக்கூடும்.

அறைக்குள் போகாமல் பதிவதற்கு நல்ல உதாரணம் 2025இல் வந்தது. ரியானன் கிடன்ஸும் ஜஸ்டின் ராபின்சனும் வட கரோலினாவில், தங்களுக்கு ஃபிடில் மரபைக் கற்றுத்தந்த ஜோ தாம்ப்சனின் வீட்டு வாசலிலும் பழைய தோட்ட மாளிகையின் வெளியிலும் உட்கார்ந்து, பாஞ்சோவும் ஃபிடிலுமாக வாசித்தார்கள். தொகுப்பின் பெயரே ஒரு கறுப்புக் குருவி காக்கையிடம் என்ன சொன்னது என்று கேட்கிறது. பதிவு முழுக்கச் சில்வண்டுகளின் இரைச்சல். மண்ணுக்குள் பல ஆண்டு கிடந்து வெளிவரும் இரண்டு கூட்டச் சில்வண்டுகள், 1803க்குப் பிறகு முதல் தடவையாக ஒரே சமயத்தில் வெளிவந்த பருவமாம் அது. பாஞ்சோ ஆப்பிரிக்க அடிமைகள் உருவாக்கிய வாத்தியம், அதை வெள்ளையர் வாத்தியமாக ஆக்கிக்கொண்ட வரலாற்றை எதிர்த்து கிடன்ஸ் நெடுங்காலமாகப் பேசுகிறவர். இந்தத் தொகுப்பில் அவர் பேசவேயில்லை, வாசிக்கிறார். இதைக் கேட்டுவிட்டு ஒரு முழு இரவுக் கூத்துப் பதிவை ஓடவிடுங்கள். முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற வண்டி பின்னணியில் உறுமுவது தொந்தரவாகத் தோன்றாது.

ஆனால் இப்போது வெட்டுவதற்கு ஒரு புதிய ஆள் வந்திருக்கிறான். காட்சிக்குக் காட்சி நடுவே மைக்செட்காரர் சினிமாப் பாட்டு போடுவார், அது வழக்கம். இணையத்தில் ஏற்றியதும் அந்தப் பாட்டை இயந்திரம் அடையாளம் கண்டு உரிமை கோருகிறது. சில பதிவுகள் அந்த இடத்தில் ஊமையாகின்றன, சிலவற்றின் வருமானம் இசை நிறுவனத்துக்குப் போகிறது. திண்டிவனம் பக்கத்து வீடியோக்காரர் ஒருவர் இதற்கு வழி கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். 'சினிமாப் பாட்டு வர்ற இடத்தையெல்லாம் முன்னாடியே எடுத்துர்றேண்ணே. கட்டியக்காரன் சினிமா மெட்டுல கிண்டல் பண்ணிப் பாடுறானே, எதுக்கு வம்புன்னு அதையும் சேத்து எடுத்துட்டேன்.' கூத்தில் ஊரே வயிறு குலுங்கச் சிரிப்பது அந்த இடத்தில்தான் என்றேன். 'ஆமாண்ணே, சிரிப்பு மட்டும் தனியா வந்தா நல்லாருக்காது, அதனால அதையும் எடுத்துட்டேன்' என்றார்.